மீன் பிரீசருக்குள்ள கிடந்த ஊர்

பைப் திருத்திற ஆளைப் பற்றி நீ கேக்கத்தான் ஞாபகம் வருது பிள்ளை, நீ இந்த ரோட்டுக்கு வர முதல் நடந்தது. தேத்தண்ணியைக் குடி, சொல்லுறன்.

போன ஈஸ்டருக்கு முதல் நாள், இஞ்ச எட்மண்டனில, இந்தப் பக்கத்து வீட்டிலதான். அந்த ஆர்மீனியன் மனுசியைக் கண்டிருப்பாய், புதினா நட்டு வைச்சிருக்கிறா. நாங்கள் ரெண்டு பேரும் கையாலதான் கதைக்கிறது. அவ புதினா தர, நான் கறிவேப்பிலை குடுப்பன். அதை என்ன செய்யிறாவோ தெரியாது, மணந்து பாத்திட்டு உள்ள கொண்டு போவா.

அவவின்ர அப்பப்பா, அந்தக் காலத்தில ஆர்மீனியன் சனத்தை ஊரோட கலைச்சுக் கொல்லேக்க தப்பின பொடியனாம், என்ர மகன் கேட்டுச் சொன்னவன். பேந்து சாகுமட்டும், தப்பின ஆக்களைத் தேடித் தேடி, கடிதம், படம், ஞானஸ்நானத் துண்டு எண்டு எல்லாம் சேர்த்தவராம். பின் அறை முழுக்கப் பெட்டி. ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் பாக்கிறதுக்கு எண்டு, யூனிவர்சிட்டி மனுசி ஒராள் சனிக்கிழமையில வந்து, ஒவ்வொரு கடதாசிக்கும் பென்சிலால நம்பர் போட்டு உறையில வைப்பா. பேனை கூடாதாம். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா எட்டிப் பாத்தனான், கோழிக்குஞ்சைத் தூக்கிற மாதிரித் தூக்குவா.

அண்டைக்குக் காலமை மேல்மாடிப் பைப் வெடிச்சு, பெட்டியளுக்கு மேல தண்ணி. நான் ஓடிப் போறன், ஆர்மீனியன் மனுசி ஈரக் கட்டு ஒண்டை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு நிக்கிறா. அழேல்லை. அதைத்தான் எனக்குப் பாக்க ஏலாமல் போச்சு.

அண்டைக்கும் வந்திருந்த யூனிவர்சிட்டி மனுசி சொன்னதை மகன் எனக்குச் சொன்னவன். ஈரத்தோட விட்டால் பூஞ்சணம் பிடிச்சு எல்லாம் போயிடுமாம். உடனே உறைய வைச்சால், பேந்து ஆறுதலா, மெல்ல மெல்லக் காய வைக்கலாமாம். அந்த வேலை செய்யிற கொம்பனி லீவு முடிஞ்சு செவ்வாய்தான் வருமாம்.

எங்கட ஷெட்டில பெரிய பிரீசர் கிடக்குத்தானே, பேரப்பிள்ளையள் சவப்பெட்டி எண்டு பகிடி பண்ணுறது. அது வாய்மட்டும் நிறைஞ்ச மீன். ஈஸ்டர் முடிய என்ர மனுசன் செத்த நாளுக்கு ஆண்டுப் பூசை. அவர் மன்னாரில கடலுக்குப் போன மனுசன். பாரை, கணவாய், நண்டு எண்டு பாத்துப் பாத்து வாங்கி வைச்சனான்.

நான் ஷெட்டுப் பக்கம் பாக்க, "அம்மா, அது அப்பாட ஆண்டுக்கு," எண்டான் மகன்.

ஆர்மீனியன் மனுசி மகனிட்ட இங்கிலீசில ஏதோ சொல்லிப்போட்டு முகத்தைத் திருப்பிட்டா. என்னவாம் எண்டு கேட்டன்.

"உங்கட மீனை எடுக்க வேண்டாமாம். ஆனா அந்தக் கடதாசியை விட்டால் தங்கட ஊர் வேற எங்கையும் இல்லையாம்."

நான் ஷெட்டுப் பூட்டின்ர திறப்பை எடுத்துக்கொண்டு நடந்தன்.

மீனை வெளியில எடுத்துப்போட்டு, தேசிக்காய்ப் புளி விட்டுப் பிரீசரைத் தேய்ச்சுத் துடைச்சன். கேக் சுடுற பேப்பரை இடையில வைச்சு, பையில கட்டி, யூனிவர்சிட்டி மனுசி ஒவ்வொண்டாத் தர, நான் அடுக்கினன். சவப்பெட்டிப் பகிடி அண்டைக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. மீனையெல்லாம் பெரிய சட்டியில, பனங்கிழங்கு மாப் போட்டு ஒடியல் கூழாக் காய்ச்சி, ரோட்டில இருக்கிற எல்லா வீட்டுக்கும் ஊத்திக் குடுத்தன். ஆர்மீனியன் மனுசியும் குடிச்சா. உறைப்பில கண்ணால தண்ணி ஓடினது. உறைப்பு மட்டுமில்லை எண்டு எனக்குத் தெரியும்.

ஆண்டுக்குப் பருப்பும் கத்தரிக்காயும்தான். பருப்பெண்டால் முகத்தை நீட்டுற மனுசன், பொறுத்திருப்பார். அவ வந்து அவற்ற படத்தைக் காட்டிப் பேரைக் கேட்டு, ரெண்டு மூண்டு தரம் சொல்லிப் பழகி, தங்கட கோயிலில மெழுகுதிரி கொளுத்தினவ.

கடதாசியெல்லாம் இப்ப காஞ்சு, பாதுகாக்கிற இடத்தில இருக்கு. என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவ. ஒரு தாளில ஓரம் நெளிஞ்சு, தண்ணி நிண்ட கறை. அதில ஒரு வரியைக் காட்டி ஒரு பேர் சொன்னா. அப்பப்பாட தங்கச்சியாம், வழியில செத்த பிள்ளையாம். நானும் அந்தப் பேரைச் சொன்னன். வாசிக்கத் தெரியாத எனக்கும் அந்த ஊரில இப்ப ஒரு ஆளைத் தெரியும், பிள்ளை. குசினியில சமைச்சுக்கொண்டு நிக்கேக்க சில நேரம் அந்தப் பேர் தானா வாயில வரும்.

பொறு, மீன்காரன் ஹோர்ன் அடிக்கிறான். வெயிலுக்கு முதல் வாங்கிப் பிரீசரில அடுக்கிப்போட்டு வாறன். அண்டையில இருந்து அதில ஒரு பக்கம் எப்பவும் வெறுமையா விடுறனான், அதால கொஞ்சம் சுணங்கும்.