முப்பத்திரண்டு போரும் மைத்துனன் தொடையும்

என் மைத்துனனின் இடது தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. பன்றி கிழித்தது என்று ஊரில் சொல்வார்கள். பன்றிக்கு அதில் பாதிப் பங்குதான். மீதி என்னுடையது. எந்தத் துப்பாக்கி அவனுக்கு உதவாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அதை வாங்க வைத்தேன். பன்றியாவது பயத்தில் செய்தது.

கல்லூரியில் வேதியியல் நடத்திவிட்டு ஓய்வுபெற்று, வாளையார்க் காட்டை ஒட்டிய எங்கள் நிலத்துக்கு வந்து சேர்ந்தேன். இங்கே வேதியியல் கேட்க ஒருவரும் இல்லை. பன்றி சுடத்தான் ஆள் தேவைப்பட்டது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை, பஞ்சாயத்துத் தலைவர் எழுத்தில் உத்தரவு கொடுத்தால், லைசன்ஸ் உள்ளவர் சுடலாம். என்னிடம் லைசன்ஸும் இருந்தது, துப்பாக்கியும் இருந்தது. இடுக்கியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா ஃபேக்டரி ஆபீசராக இருந்தபோது, ஊருக்குக் கிளம்பிய மேனேஜர் ஒருவர் அவருக்கு விற்றுவிட்டுப் போனது. லீவர் துப்பாக்கி. விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தை முன்னால் தள்ளி இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் குப்பி மேலே பறக்கும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அந்தச் சத்தத்துக்காகவே அதை வைத்திருந்தேன் என்றும் சொல்லலாம்.

முதல் பன்றி விழுந்த மறுநாள் டீக்கடையில் எனக்கு நாற்காலி ஒழித்துக் கொடுத்தார்கள். முப்பது வருடம் வகுப்பில் நின்றுகொண்டே பேசியவனுக்கு இது பெரிய விஷயம். சுட்ட பன்றியைத் தின்ன முடியாது, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் கடையில் என் மேல் மரியாதையும் புதைத்த கறி மேல் துக்கமும் சம அளவில் இருந்தன.

துப்பாக்கி கிடைத்துவிட்டது, தோட்டா கிடைப்பதுதான் பாடு. என்னுடையது முப்பது-முப்பது போர். போர் என்றால் குழாயின் அளவு. அந்த அளவுத் தோட்டாவை இந்த நாட்டில் யாரும் செய்வதாகத் தெரியவில்லை. பாலக்காட்டில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் ஒருவர், அதற்கான அனுமதியோடு, வெற்றுக் குப்பிகளை மறுபடி நிரப்பித் தருவார். அதற்குக் குப்பி வேண்டும், அடியில் தீப்பொறி கிளப்பும் கேப்பு வேண்டும், மருந்து வேண்டும், குண்டு வேண்டும். நான்கில் ஒன்று எப்போதும் இருக்காது. குப்பி மட்டும் என் பொறுப்பு. ஆகவே பன்றியைச் சுட்டதும் எல்லோரும் பன்றியிடம் ஓடுவார்கள், நான் குப்பி விழுந்த பக்கம் புல்லில் மண்டியிட்டுத் தவழ்வேன். அதை ஏதோ வேட்டைச் சடங்கு என்று நினைத்து ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதும் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவியின் தம்பி கோயம்புத்தூர் மில் வேலையை விட்டுவிட்டு வந்தான். எங்கள் நிலத்துக்கு அடுத்த தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் கடலை போட்டான். முதல் விதைப்பையே பன்றிகள் உழுது தள்ளின. இன்னொரு முறை விளைச்சல் போனால் நிலத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று உடைமைக்காரர் சொல்லிவிட்டார். மில்லிலும் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். அலையாய் அலைந்து பயிர்ப் பாதுகாப்பு லைசன்ஸ் வாங்கினான். துப்பாக்கி பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.

கடையில் இரண்டு லீவர் துப்பாக்கிகள் இருந்தன, இரண்டும் இடுக்கித் தோட்டங்களிலிருந்து வந்தவை. ஒன்று என்னுடையதைப் போலவே முப்பது-முப்பது. மற்றது முப்பத்திரண்டு போர். பக்கத்தில் பன்னிரண்டு போர் ஒற்றைக் குழலும் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. அதற்கு எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்கும். அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் துப்பாக்கியின் சத்தம் அவன் காதிலும் ஏறியிருந்தது.

"ஏனுங்க மச்சான், இதுல எதுங்க நல்லது?"

நான் கடைக்காரரிடம், "ஒரே போர்ல நாங்க ரெண்டு பேர் ஆனா?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"உள்ளதைப் பாதி பாதி தரணும் சாரே. வேற வழியில்ல."

பாதி என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. தோட்டா பாதியானால் நாற்காலியும் பாதியாகும் என்று கணக்குப் போட்டேன். முப்பத்திரண்டுக்குப் பொருந்தும் குண்டை அந்தக் கடைக்காரர் வருடக்கணக்காகக் கண்ணால் பார்க்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவரே ஒருநாள் புலம்பியிருக்கிறார்.

"மாப்ள, முப்பத்திரண்டு எடுத்துக்க. குண்டு தடிமன் ஜாஸ்தி, அடி பலமா விழும். இடம்பெயர்ச்சி, உந்தம் எல்லாம் பார்த்தா அதுதான்" என்றேன்.

இடம்பெயர்ச்சிக்கும் பன்றிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடைக்காரர் வாயைத் திறக்கப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். படித்தவன் பொய் சொன்னால் குறுக்கே பேச இங்கே யாருக்கும் மனம் வராது.

"மச்சான் சொன்னா செரிதானுங்க" என்றான் அவன். அவனுடைய லைசன்ஸில் முப்பத்திரண்டு என்று எழுதி முத்திரை விழுந்தது. ஒருமுறை எழுதிவிட்டால் மாற்றுவதற்குக் கலெக்டர் ஆபீஸ் படிகளைத் தேய்க்க வேண்டும்.

துப்பாக்கியோடு பழைய தோட்டாக்கள் கொஞ்சம் வந்தன. மூன்று மாதத்தில் இரண்டே இரண்டு மிஞ்சின. "வந்துரும் மாப்ள, சொல்லி வெச்சிருக்கறேன்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.

கடலை முற்றிவரும் நேரம். ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் பெரிய ஆண்பன்றி ஒன்று வரப்புக்குள் இறங்கியது. இருந்த இரண்டில் ஒன்றைச் சுட்டான். தோளில் பட்டு அது திரும்பியது. வளையத்தை இழுத்து அடுத்ததைச் சுட்டான். டிக் என்றது, அவ்வளவுதான். கேப்பு நமுத்துப் போயிருந்தது. பன்றி நமுத்துப் போகவில்லை.

சத்தம் கேட்டு நான் என் துப்பாக்கியோடு போய்ச் சேர்ந்தபோது பன்றி காட்டுக்குள் போய்விட்டது. அவன் தொடையைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் பையில் தோட்டாக்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. நடக்கும்போது பையைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் பன்றிகள் கடலையைச் சாவகாசமாகத் தின்றன. நான் இரண்டைச் சுட்டேன். மற்றவை என் நேரம் தெரிந்துகொண்டு வந்தன. கால் பங்கு விளைச்சல்கூட எடுக்க முடியவில்லை. என் மனைவி உடைமைக்காரரிடம் போய் அழுது இன்னும் ஒரு போகத்துக்குத் தவணை வாங்கினாள்.

முதலில், உண்மையைச் சொல்லாமலே பரிகாரம் செய்யப் பார்த்தேன். என் முப்பது-முப்பது குப்பியின் வாயைச் சற்று விரித்தால் முப்பத்திரண்டுக்குப் பொருந்தும். கடைக்காரர் அதைச் செய்து தந்தார். ஆனால் குண்டு? எங்கும் இல்லை. அழகாக விரித்த காலிக் குப்பிகளை அவன் கட்டிலருகில் கொண்டுபோய் வைத்தேன்.

"இத வெச்சு ஊதறதுங்களா மச்சான்?" என்றான்.

அப்போதுதான் சொன்னேன். அவன் அக்காவும் பக்கத்தில் இருந்தாள். கடையில் கேட்ட கேள்வி, பாதி பாதி, நாற்காலி, சொல்லிவைக்காதது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

அவன் ஒரு குப்பியை எடுத்து அதன் வாயை விரலால் தடவிப் பார்த்தான். "தோட்டா எனக்கு மட்டும் வேணும், நீ ஒத்தக் குழல் வாங்கிக்கடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாங்கியிருப்பனுங்களே" என்றான். "அதச் சொல்றதுக்கு என்னங்க கூச்சம்?"

என் மனைவி, "அவரு கூச்சப்படற ஆளில்ல தம்பி. நாற்காலிய ஊட்டுக்கே கொண்டாரச் சொல்லு, உக்காந்துட்டே கெடக்கட்டும்" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவள் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவாள்.

இரண்டு துப்பாக்கிகளையும் பரஸ்பரம் மாற்றிக்கொள்ளக் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், 'நான் வேண்டுமென்றே தவறான ஆலோசனை கூறியதால்' என்று எழுதியிருந்தேன். அங்கிருந்த கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்படி ஒரு காரணம் இதுவரைக்கும் வந்ததில்ல சாரே. வயசாச்சு, கண்ணு தெரியலன்னு எழுதிக்கோ. அதுல பொய்யும் இல்லல்லோ."

எழுதினேன். போலீஸ் விசாரணை, வனத்துறைக் கடிதம், இடையில் தேர்தல் வந்ததால் இரண்டு துப்பாக்கிகளும் ஸ்டேஷனில் சரண் என்று எட்டு மாதம் போனது. அந்த எட்டு மாதமும் அவன் என்னோடு பேசவில்லை. அக்காவைப் பார்க்க வருவான். நான் வாசலில் நின்றால் செருப்பை அவிழ்க்கும்வரை குனிந்தே இருப்பான்.

இப்போது முப்பது-முப்பது அவனிடம் இருக்கிறது, தோட்டாக்களும் அவனிடம். முப்பத்திரண்டு என் அலமாரியில் இருக்கிறது. எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன், வேறு எதற்கும் ஆகாது. இந்தப் போகம் கடலை நன்றாக வந்தது. நிலம் அவனிடமே இருக்கிறது. டீக்கடை நாற்காலி அவனுக்குப் போய்விட்டது. கால் மடங்காததால் அவன் அதில் ஒருக்களித்து உட்கார்கிறான்.

முப்பது-முப்பதில் அவன் சுட்ட முதல் பன்றி விழுந்த அன்று எனக்கு ஆள் அனுப்பினான். மண்வெட்டியை நீட்டி, "குழி நீங்க வெட்டுங்க மச்சான்" என்றான். எட்டு மாதத்தில் என்னிடம் சொன்ன முதல் பேச்சு. எழுபது வயதில் வெட்டினேன், மண்ணெண்ணெயும் நானே ஊற்றினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பன்றிக்கும் என்னைக் கூப்பிடுகிறான். குழியும் என் வேலை, குப்பி பொறுக்குவதும் என் வேலை. கால் மடங்காதவன் புல்லில் தவழ முடியாது அல்லவா?

"அந்தப் பக்கந்தான் உழுந்துச்சுங்க மச்சான்" என்று கை காட்டுவான். குப்பி விழுந்தது இந்தப் பக்கம் என்பதை நானும் பார்த்திருப்பேன். முதலில் அவன் காட்டிய பக்கம் மண்டியிட்டு, மூலைக்கு மூலை தேடிவிட்டு, அப்புறம்தான் இந்தப் பக்கம் வருகிறேன்.