வெறும் தண்ணீர் கொதித்த பானை

அந்தப் பானையில் வெறும் தண்ணீர்தான் கொதிக்கும். கேப்பை மாவு அதில் விழுந்து பல நாள் ஆகியிருந்தது. ஆனாலும் மேஸ்திரி அக்கா தினமும் காலையில் மல்லாட்டைத் தோலை, அதாவது வேர்க்கடலைத் தோலைப் போட்டு அடுப்பை மூட்டுவாள். கூரைக்கு மேலே எழும் புகை தெருவுக்குத் தெரிகிறதா என்று வெளியே வந்து பார்த்துக்கொள்வாள்.

திண்டிவனத்தில் மல்லாட்டை மில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீடு அது. 1930களில் மல்லாட்டை விலை விழுந்து மில்லை மூடினார்கள். பருப்பு பொறுக்கும் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்த அக்காவுக்கும், அவள் வாசலில் ஒண்டிக்கொண்டு மூட்டை தூக்கிய எனக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. ரங்கூனுக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். வாடகை கொடுக்க வழியில்லை. வீட்டுக்காரரின் கணக்குப்பிள்ளை யாரையும் அடித்து விரட்டுகிறவர் அல்ல. லைனில் ஒரு வழக்கம் இருந்தது. மூன்று நாள் அடுப்பு எரியாத அறை காலி அறை. நாலாம் நாள் தச்சனோடு வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். அதற்காகத்தான் அந்தப் புகை.

அப்போது, வேலை போன குடும்பங்களுக்கு சர்க்கார் தானியம் தரப்போவதாகத் தண்டோரா போட்டார்கள். அக்கா பெயர் கொடுத்திருந்தாள். பட்டினி கிடக்கும் வீடுதானா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் சீட்டுக் கொடுப்பார்களாம். தானியத்தில் பாதியை வாடகைக்குக் கொடுத்துக் கதவைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தாள். அதற்குள், விழுப்புரத்தில் இருந்த அண்ணனிடம் உதவி கேட்கப் பிள்ளைகளோடு கிளம்பினாள்.

"தம்பி, அடுப்பைப் பாத்துக்கோ. யாரு வந்து கேட்டாலும் நாங்க நல்லா இருக்கோம்னு சொல்லு."

மறுநாள் குடையும் நோட்டுமாக ஒருவர் வந்தார். கணக்குப்பிள்ளை அனுப்பிய ஆள் என்றே நினைத்தேன். இங்கே சமையல் நடக்கிறதா என்று கேட்டார்.

"நடக்குதுங்க. மூணு வேளையும் சோறு பொங்கறாங்க. அக்கா அமாவாசைக்கு மலையனூர் கோயிலுக்குப் போயிருக்குது."

அவர் புகையை நிமிர்ந்து பார்த்தார். நோட்டில் ஒரு கோடு இழுத்தார். வீட்டைக் காப்பாற்றிவிட்ட நினைப்பில் நான் இன்னொரு கூடைத் தோலை அள்ளிப் போட்டேன். அவர் தானியத்துக்காக வீடு பார்க்க வந்த தாலுகா ஆபீஸ்காரர் என்று பக்கத்து அறைக்காரர் சொன்ன பிறகுதான் ஓடினேன். தெருமுனையில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"சோறு பொங்கறாங்கன்னு நீதானய்யா சொன்ன?" என்றார். நடையை நிறுத்தவில்லை.

அக்கா வெறுங்கையோடு திரும்பினாள். அண்ணனுக்கும் வேலை போயிருந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"மூணு வேளையா? ரெண்டுன்னு சொல்லக் கூடாதா தம்பி?"

சின்னவள் சிரித்தாள். அக்கா பானையை இறக்கி, அதிலிருந்த வெந்நீரை அடுப்பில் ஊற்றினாள். பிறகு அதை மூட்டவேயில்லை. நாலாம் நாள் தச்சன் வந்தான். கதவில்லாத வாசலைத் தாண்டி, அக்கா பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு செஞ்சிச் சாலையில் போனாள்.

யுத்த காலத்தில் விழுப்புரத்துக் கஞ்சித் தொட்டி வரிசைகளில் அவளைத் தேடினேன். கிடைக்கவில்லை. அதன்பின் எத்தனையோ ஊர்களில் இருந்துவிட்டேன், எங்கும் சொந்தமாக அடுப்பு வைக்கவில்லை. கூட்டேரிப்பட்டில் சாலையோரக் கடையொன்றில் இன்றும் மல்லாட்டைத் தோல்தான் எரிக்கிறார்கள். பானையில் ஏதாவது வேகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன்.