நாரையின் கால் எலும்பும் மாலை லொறியும்

1. சேர் கண்ட பறவை

நிலத்தைத் தோண்டுவதற்கு எங்கள் தொல்பொருள் திணைக்களத்திடம் எந்த வருடமும் பணம் இருந்ததில்லை. யுத்தம் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு அக்கரையில், கொட்டியாரக் குடாவின் தென்பக்க ஊர்களில், சனம் ஷெல் குண்டுகளுக்குப் பயந்து தங்கள் செலவிலேயே பங்கர் என்ற பதுங்குகுழி வெட்டியது. அரசாங்கம் சல்லிக்காசு செலவில்லாமல் அகழாய்வு நடத்திய காலம் அது.

அப்போது நான் திருகோணமலைக் கிளையில் படவரைஞர். மண்ணிலிருந்து வரும் பழம்பொருள்களை அளந்து, அளவு பிசகாமல் தாளில் வரைவது என் வேலை. எனக்கு மேலே பொறுப்பதிகாரி. அவரை எல்லோரும் சேர் என்றே அழைத்தோம். எங்கள் இருவருக்கும் கீழே நாட்சம்பளத் தொழிலாளி யோகன், கட்டைபறிச்சான் ஊர்க்காரன். தோண்டுவது, தூக்குவது, சேரின் குடையைப் பிடிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் எலும்பைப் பொதி செய்யும் முறையைக் கேட்டார்கள். முறையைச் சொல்லுமுன் இதைச் சொல்லவேண்டும்.

ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஒரு பாடசாலைக்குப் பங்கர் வெட்டியவர்கள், மணலுக்குக் கீழே சரளைக்கல் அடுக்கில் ஒரு நீண்ட எலும்பைக் கண்டார்கள். எலும்பு என்றதும் அந்த நாட்களில் யாருக்கும் முதலில் பறவை ஞாபகம் வராது. ஆகவே பொலிசுக்குப் போகப் பயந்து எங்களிடம் ஆள் அனுப்பினார்கள். நாங்கள் போய்ப் பார்த்தோம். எலும்பு கல்லாகிக் கறுத்திருந்தது. அடி நுனியில் மூன்று முண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி நின்றன. பறவையின் கால் எலும்பில்தான் அப்படி வரும். கோழி தின்றவர் எவரும் கவனித்திருக்கலாம்.

சேர் பங்கர் விளிம்பில் நின்று ஊராருக்கு விளக்கமளித்தார்.

"இது பெருநாரை. ஆளைவிட உயரம். இப்ப உலகத்தில ஒண்டுகூட இல்லை. எலும்பு மட்டுந்தான் மிச்சம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அது நடந்த நடை, விழுங்கிய மீன், இறகின் சாம்பல் நிறம், துணையைக் கூப்பிட்ட சத்தம் எல்லாவற்றையும் சொன்னார். சத்தத்தைப் போட்டும் காட்டினார். மண்வெட்டியோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்:

"இறைச்சி எப்பிடி இருந்தது எண்டும் சொல்லிப்போடுங்கோ சேர்."

சனம் சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்: "பிள்ளை, புதுசாக் கண்டுபிடிச்ச பறவைக்குக் கண்டுபிடிச்சவர் தன்ர பேரை வைக்கிறது மரியாதை இல்லை. மற்ற ஆக்கள்தான் வைக்கவேணும். ஆனா அவைக்கு ஆராவது ஞாபகப்படுத்தவேணும்." ஞாபகப்படுத்த வேண்டிய ஆள் நான் என்பது எனக்கு விளங்கியது.

2. பொதி

கல்லான எலும்பு கனமாக இருக்கும், ஆனால் லேசில் நொறுங்கும். அதை மண்ணிலிருந்து எடுக்குமுன் ஈரத்தாளால் மூடவேண்டும். அதன்மேல் சாந்தில் தோய்த்த சாக்குத் துண்டுகளைச் சுற்றவேண்டும். காய்ந்ததும் முழுவதும் ஒரே கட்டியாகிவிடும். வைத்தியசாலையில் முறிந்த காலுக்கு மாக்கட்டுப் போடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் குறைவு. நாங்கள் பாவித்த சாந்துமாவும் வைத்தியசாலையில் கெஞ்சி வாங்கியதுதான். இராணுவத் தடையால் அக்கரைக்குச் சீமெந்தே கொண்டுபோக ஏலாத காலம். சாந்துமாவை யோகன் எப்படிக் கொண்டுவந்தான் என்று சேரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வரைந்து முடித்ததும் கட்டினோம். கட்டி காய்ந்ததும் யோகன் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தான். ஒரு பக்கம் பருமன், மறு பக்கம் கூர். வெள்ளை நிறம்.

"சேர், குறை நினைக்காதேங்கோ. இது ஷெல் மாதிரிக் கிடக்கு."

"உனக்கு எல்லாம் ஷெல்தான்."

"எனக்கில்லை சேர். துறைச் சாவடியில நிக்கிற ஆமிக்கு. முனையில இன்னும் கொஞ்சம் சாக்கைச் சுத்திச் சப்பட்டையாக்குவமே?"

"எலும்பின்ர வடிவத்துக்குத்தான் பொதி. சென்றிக் காவலுக்குப் பயந்து விஞ்ஞானத்தைச் சப்பட்டையாக்க ஏலாது."

அவ்வளவும் போதாதென்று சேர் சிவப்பு மையை எடுத்து, பொதியின் வயிற்றில் மூன்று மொழியிலும் 'அதிரக்கூடாது' என்று பெரிதாக எழுதினார். கூர்ப்பக்கத்தை நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டார்.

3. துறை

அடுத்த நாள் காலை லோஞ்ச் படகில் சேர் முன்னதாகவே திருகோணமலைக்குப் போய்விட்டார். பொதி அலுவலக வாசலுக்கு வரும்போது அவர் வரவேற்று நிற்பதுபோல் படம் எடுக்க ஆள் ஒழுங்குசெய்திருந்தார். யோகனும் நானும் பின்னால் வந்தோம். எந்த இறங்குதுறை என்று எழுதவில்லை. அந்தக் கரையில் எல்லாத் துறைகளிலும் சாவடி ஒன்றுதான், மணல்மூட்டை ஒன்றுதான்.

பெண்களுக்கு வேறு வரிசை. என் பையைப் பார்த்து விட்டுவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். யோகன் கையைத் தலையில் வைத்து முழங்காலில் இருந்தான். அவனுக்கு முன்னால் மணலில் நாரைக்கால் பொதி தனியே கிடந்தது. படையினர் எல்லோரும் மூட்டைகளுக்குப் பின்னால் போயிருந்தார்கள். யோகனை மட்டும் யாரும் பின்னால் வரச் சொல்லவில்லை.

பொறுப்பான கப்டன் வந்தார். தமிழ் கதைப்பார். நான் வரைந்த படத்தை விரித்துக் காட்டினேன். நன்றாகப் பார்த்தார்.

"நல்லா வரையிறீங்க மிஸ். எனக்கும் ஒரு யானை வரைஞ்சு தாங்க. ஆனா வரைஞ்சதால யானை இதுக்குள்ள இருக்கு எண்டு ஆகுமா?"

பெரியவர் யாராவது வந்து சொல்லட்டும் என்றார். திருகோணமலைக்குச் செய்தி போய், அடுத்த லோஞ்சில் சேர் வந்தார். அதற்குள் கட்டைபறிச்சானிலிருந்து யோகனின் மனைவி மலரும் வந்துவிட்டாள். தகவல் சொன்னது யார் என்று தெரியாது. அந்தக் காலத்தில் தந்தியைவிட வேகமாகப் போன ஒரே தகவல், ஆள் பிடிபட்ட தகவல்தான்.

சாவடியை ஒட்டிய முகாம் முற்றத்தில் யோகனோடு இன்னும் இருவரை இருத்தியிருந்தார்கள். ஒருவனின் பையில் தடைசெய்யப்பட்ட பற்றரிகள். மற்றவனின் பையில் என்ன என்று கேள்விப்படவில்லை. அந்தி படும்போது லொறி வரும், பிடித்தவர்களை வேறிடத்துக்கு ஏற்றும். அந்த லொறியில் ஏறியவர்களை மனைவிமார் எந்த முகாமில் போய்க் கேட்டாலும் "இங்கே இல்லை" என்பதுதான் பதில். மலருக்கு அது தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கப்டன் சேரிடம் கேட்டார்: "இது என்ன?"

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதற்கட்ட ஆய்வின்படி இது ஒரு பறவையாக இருக்கக்கூடிய சாத்தியம் உண்டு."

"பறவையா, இல்லையா?"

"கொழும்பு உறுதிப்படுத்தினால்தான் நான் சொல்லலாம். பிறகு பிழைச்சால் என்னைத்தான் கேட்பினம்."

அந்தப் பறவை துணையைக் கூப்பிட்ட சத்தம்வரை தெரிந்த மனிதர். மலர் வேலிக்கரையிலிருந்து கத்தினாள்:

"சேர், அண்டைக்குக் கத்திக் காட்டினீங்களாமே! இப்ப ஒருக்காக் கத்திக் காட்டுங்கோவன்!"

கப்டனுக்குச் சிரிப்பு வந்தது. "நல்லது. பறவை எண்டா உடைச்சுக் காட்டுங்க. இவன் வீட்டுக்குப் போகலாம்."

"ஐயோ, உடைக்க ஏலாது!" சேருக்கு இப்போதுதான் குரல் வந்தது. "உலகத்தில இது ஒண்டுதான். வெயிலில திறந்தாலே நொறுங்கிப் போகும். யோகன் ரெண்டொரு நாள் நிக்கட்டும். நான் மேலிடத்தில கதைச்சு எடுக்கிறன்."

மலர் அவரைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்தாள்.

"மிஸ், உள்ளுக்க என்ன?"

"பறவை எலும்பு."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"ஓம். கண்டு, தொட்டு வரைஞ்சனான்."

"சாத்தியம், அது இதெண்டு ஒண்டும் இல்லையே?"

"இல்லை. பறவை."

இறங்குதுறையில் கட்டை பிடுங்க வைத்திருந்த இரும்பு அலவாங்கு ஒன்று சாய்ந்து நின்றது. அதை எடுத்துக்கொண்டு பொதி கிடந்த மணலுக்குள் நடந்தாள். "பிள்ளை, அவவை மறி, மறி!" என்று சேர் என்னைப் பார்த்துக் கத்தினார், மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து. நான் மறிக்கவில்லை. கப்டனும் மறிக்கவில்லை. ஒரு படி பின்னால் வைத்தார், அவ்வளவுதான்.

முதல் குத்தில் சாந்து வெடித்தது. அடுத்த குத்தில் எலும்பு போன சத்தம் கேட்டது. ஓடு உடைவதுபோல் ஒரு சின்னச் சத்தம். எத்தனையோ இலட்சம் வருடம் கிடந்த பொருளுக்கு அது போதாத சத்தம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கப்டன் குனிந்து பொறுக்கினார். மூன்று முண்டுள்ள நுனி மட்டும் முழுதாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோழிக்கால் மாதிரி. இது எப்ப செத்தது?"

"பல இலட்சம் வருசத்துக்கு முந்தி!" என்றார் சேர். இம்முறை சாத்தியம் எதுவும் கலக்கவில்லை.

"அப்ப நாங்க சுடல்ல," என்றார் கப்டன். படையினர் சிரித்தார்கள். யோகனை எழும்பச் சொன்னார்கள்.

யோகன் வந்ததும் முதல் வேலையாகத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான். மலர் அவன் பிடரியில் ஓர் அடி போட்டு வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். துண்டுகளை நான்தான் பொறுக்கினேன். பொறுக்கி முடியும்போது லொறி வந்தது. மற்ற இருவரும் ஏறினார்கள். உடைத்துக் காட்ட அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை.

4. விசாரணை

நாரைக்கு நீதி கேட்டுக் கொழும்பிலிருந்து மூவர் வந்தார்கள். பொதியைத் தொட்டது யார், நாட்சம்பளத் தொழிலாளியின் மனைவிக்குத் திணைக்களப் பொருளைக் கையாள அனுமதி கொடுத்தது யார், அலவாங்கு யாருடையது என்று கேட்டார்கள். தேநீர் குடித்தார்கள். சேர் சாட்சியம் சொன்னார்: "இது பறவை என்று நான் ஆரம்பத்திலிருந்தே திட்டவட்டமாகக் கூறினேன்." அவர் முகத்தை நான் பார்த்தேன். அவர் அதை உண்மையாகவே நம்பியிருந்தார்.

என்னிடம், "அந்தப் பெண்ணை நீங்கள் ஏன் தடுக்கவில்லை?" என்று கேட்டார்கள்.

"அவ உடைச்சது பொதியை. தடுத்திருந்தால் யோகனைத் தேடி நீங்கள் வந்திருப்பீங்களோ?" என்று கேட்டேன். என் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. யுத்தம் முடியும்வரை அந்தக் கரையிலிருந்து காணாமற்போன எவருக்காகவும் எங்கள் அலுவலகக் கதிரைகளில் மூவர் வந்து இருந்து தேநீர் குடித்ததை நான் காணவில்லை. அதற்குக் காணாமற்போனவர்கள் இன்னும் கொஞ்சக் காலம் மண்ணுக்குள் கிடக்கவேண்டும்போலிருக்கிறது.

துண்டுகளை ஒட்டினார்கள். இப்போது கொழும்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 'கையாளும்போது சேதமடைந்தது' என்று கீழே எழுதியிருக்கிறது. பறவைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஞாபகப்படுத்த வேண்டிய ஆள் ஞாபகப்படுத்தவில்லை.

5. முறை

இனி முறை. பொதி கட்டும்போது ஒரு பக்கத்தில் உள்ளங்கையளவு யன்னல் விடுங்கள். எலும்பு வெளியே தெரியவேண்டும். கட்டு பலவீனமாகும் என்று புத்தகம் சொல்லும். புத்தகம் சொல்வது சரி. நீங்கள் யன்னல் விடுங்கள்.

இரண்டாவது, என்ன இது என்று கேட்டால் முதலில் ஒரு சொல்லில் பதில் சொல்லப் பழகுங்கள். இதை எனக்குப் படிப்பித்தது சேருமல்ல, கொழும்புமல்ல.

அடுத்த மாரிக்குப் பின் வெருகல் பக்கம் ஒரு குழியில் மறுபடி எலும்பு வந்தது. யோகன் மண்வெட்டியை நிறுத்தினான். குழிக்குள்ளிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"மிஸ், இது என்னது? இப்பவே சொல்லுங்கோ. இல்லாட்டி மூடிப்போட்டு நான் போறன்."

ஒரு துண்டுதான் தெரிந்தது. என்ன விலங்கு என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனால் மனிதனில்லை, வெடிக்கிற சாமானுமில்லை.

"ஆடு," என்றேன்.

"ஆடெண்டா ஆடு," என்று அவன் தொடர்ந்து வெட்டினான். சாவடியிலும் இருவரும் ஆடு என்றே சொன்னோம். ஆடு வீட்டுக்கு வந்தது, யோகனும் வந்தான். அலுவலகத்தில் கழுவிப் பார்த்தபோது அது மான். படத்தின் கீழே 'ஆடு' என்று எழுதியிருந்ததை அழிறப்பரால் அழித்துத் திருத்தினேன். அவ்வளவுதான் வேலை.