அரை விரற்கடை நீளம்

என் தாய்மாமன்மீது குற்றத்தை நிறுவியவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளிப் பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

முதலமடையில் மாங்காய்ப் பறிப்பு மும்முரமாக நடந்த நாள்கள். தோப்புக்குத் தோப்பு அலையும் அப்பாவின் பழைய பைக்கைப் பழுது பார்ப்பவர் மாமாதான். சில மாதங்களுக்கு முன் பெட்ரோல் குழாயை மாற்றியபோது, தம் வழக்கப்படி ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை மாட்டிவிட்டு, மற்றதைக் காகிதத்தில் சுற்றி வண்டியின் பெட்டியில் வைத்திருந்தார்.

மாட்டிய குழாய் ஒரு நண்பகலில் வெடித்தது. சொட்டிய பெட்ரோல் சூடான எஞ்சினில் பற்றி, அப்பாவின் கெண்டைக்காலைத் தீ சுட்டது. பின்னால் அமர்ந்திருந்த அம்மா குதித்து இறங்கி, மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தாள்.

மறுநாள் மாமா வந்து குழாயைக் கழற்றினார். அது உப்பி, பிசுபிசுத்து, கீறல் விட்டிருந்தது. எங்கோ கழித்துப்போட்ட குழாயைத் தமக்கு மாட்டிவிட்டதாக அப்பா சொன்னார். மாமா மறுத்தார், பெட்டியிலுள்ள துண்டும் இதுவும் ஒன்றாக வெட்டியவை என்றார். அப்படியானால் அளந்து பார்க்கலாமே என்று எழுந்தவள் நான். என் ஸ்கேலில் இரண்டையும் வைத்தேன். கழற்றிய குழாய் மற்றதைவிட அரை விரற்கடை நீளமாக இருந்தது.

“ஒட்டுக்கா வெச்சுத்தானுங்க மச்சான் வெட்டுனேன்.”

“அப்பறம் எப்படி மாப்ள இது மட்டும் வளந்துச்சு? பொடலங்காயா?”

எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறினால் சிலவகை ரப்பர் அதைக் குடித்து உப்பும், நீளும், வலுவிழந்து வெடிக்கும். அதைக் கல்லூரி ஆய்வகத்தில்தான் நான் அறிந்தேன். அன்று மாமாவும் அறிந்திருக்கவில்லை. அவருக்காகப் பேசியிருக்க வேண்டிய சாட்சியை அவருக்கு எதிராக நிறுத்தியிருந்தேன். அதற்குப்பின் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தம்பியைப் பார்க்க அம்மா தனியாகப் பட்டறைக்குப் போய்வந்தாள்.

அன்று புறப்படுமுன் ஸ்கேலை வாங்கித் தாமே ஒருமுறை அளந்தார் மாமா. பிறகு என்னிடம் நீட்டினார்.

“சரியாத்தான் அளந்திருக்கறே, அம்மிணி.”

அவர் வாசலைக் கடக்கும்வரை, தோற்றவரே என்னைப் பாராட்டிவிட்டார் என்ற பெருமையில் நிமிர்ந்து நின்றிருந்தேன்.