நிதானம் மூடிய குழிகள்

மண் தோண்டும் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தால் அவர் யாருடனும் பேசமாட்டார். "நிதானம், நிதானம்" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்வார். அதுவே பெயராகிவிட்டது. வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள்கூட "நிதானம் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். அவருடைய அக்கா மட்டும், "பேருதான் நிதானம், தட்டு முன்னாடி உக்காந்தா எக்ஸ்பிரஸ்" என்பாள்.

அக்கா வீடு ஊரின் கடைசித் தெருவில் இருந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடலோரச் சதுப்புதான். உப்பேறிய சேறு, குட்டைச் செடிகள், நடுவே நூல் பிடித்தாற்போல வரிசை வரிசையாகச் சதுரக் குழிகள். மனிதர் வெட்டியவைதான், அதில் சந்தேகமில்லை. யார் வெட்டினார்கள், எதற்கு என்றுதான் யாருக்கும் தெரியாது. உப்பு காய்ச்ச என்பார்கள், மீன் அடைக்க என்பார்கள். மச்சான், அதாவது அக்காவின் கணவர், "எவனோ வேலவெட்டி இல்லாதவன் தோண்டியிருக்கான்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

அங்கே நடைபாதை போடுவதென்று முடிவானது. ஊர்ப்பக்கம் இருந்த முதல் வரிசையை மூடும் வேலை நிதானத்திடம் வந்தது. ஒரு குழியை மூடினால் இயந்திரத்தின் மண் அள்ளும் பக்கெட்டின் முதுகால் குத்திக் குத்தி இறுக்குவது அவர் பழக்கம். இறுக்காமல் விடுவது, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் எழுந்து போவதைப் போல அவருக்கு. வரிசை முழுவதையும் அப்படியே இறுக்கினார். நடைபாதை வேலையின் மேற்பார்வையாளர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த பெரிய கடல் ஏற்றத்தில் அக்காவின் சமையலறையில் தண்ணீர் வந்தது. வாசல் வழியாக அல்ல. தரைக்கல் இடுக்குகளிலிருந்து ஊறியது. அரிசி டின்னைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"வந்து பாருடா உன் கைவண்ணத்த."

"நான் என்னக்கா பண்ணேன்? கடல் ஏறுனா ஊறத்தான் செய்யும்."

"இத்தன வருஷம் ஏறலையா? அப்பல்லாம் என் வீட்டு விலாசம் அதுக்குத் தெரியாதா?"

மச்சான் சுவரைத் தடவிப் பார்த்தார். "விடு. அவன் என்ன, வேணும்னா செஞ்சான்?"

"வேணும்னு செஞ்சிருந்தா ரெண்டு அறை குடுத்துட்டு விட்டுருவேன். தெரியாம செஞ்சதுதான் பயமா இருக்கு."

நிதானம் போய் மேற்பார்வையாளரிடம் கேட்டதற்கு அவர் சிரித்தார். "நிலா பெருசுய்யா, ஏத்தமும் பெருசு. குழிக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?" அக்கா சொன்னதும் நியாயமாகப் பட்டது, இவர் சொன்னதும் நியாயமாகப் பட்டது. நிதானத்துக்கு அதுதான் தொல்லை. அன்று பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் கேட்காமல் இயந்திரத்தை எடுத்துப்போய், அக்கா வீட்டுக்கு எதிரே மூடிய குழியை மறுபடி தோண்டினார். மூடாத வரிசையைப் பார்த்துப் பார்த்து அதே அகலம், அதே சரிவு. ஆழத்தில்தான் சிக்கினார். தான் போட்ட மண் எங்கே முடிகிறது, பழைய மண் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. அவர் குத்திய குத்தில் இரண்டும் ஒன்றாகியிருந்தன. குத்துமதிப்பாக ஓர் இடத்தில் நிறுத்தினார்.

கடல் ஏறி இறங்கியது. பழைய குழிகளில் தண்ணீர் தானாக வடிந்தது. அவர் தோண்டியதில் மட்டும் அசையாமல் நின்றது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் வந்து பார்த்தாள்.

"இதுல மட்டும் ஏண்டா நிக்குது?"

"தெரியலக்கா."

"அடியில என்னமோ இருந்திருக்குமோ?"

"பாக்கலக்கா. மூடச் சொன்னாங்க, மூடுனேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் சேற்றுக் காலோடு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

சாயங்காலம் மேற்பார்வையாளர் போன் செய்தார். "நாளைக்கு ரெண்டாவது வரிசை."

"வேணாங்க. அதுங்க எதுக்குன்னு தெரியிற வரைக்கும் வேணாம்."

"தெரிஞ்சவன் செத்தே போயிருப்பான். உனக்கு முடியலன்னா சொல்லு, ஆளா இல்ல?"

ஆள் இருந்தான். காலையில் இயந்திரத்தின் சத்தம் கேட்டபோது நிதானம் அக்காவின் பீரோவை ஒரு பக்கம் பிடித்துத் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தார். மறுபக்கம் மச்சான். உள்ளே, ஈரத்தரையில் உட்கார்ந்து, அக்கா அடுப்புக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.