தோலைத் திறந்து பார்க்கும் வெர்னா

கத்தி முனையைத் தாடைக்குக் கீழே வைத்து ஒரு சாண் நீளத்துக்கு இழுத்து, செத்த ஆட்டுக்குட்டியின் கழுத்துத் தோலைச் சட்டைக் காலரைப் பிரிப்பதுபோல் இரண்டு பக்கமும் விலக்குகிறாள் வெர்னா ஸ்கோக். இடது கையில் தோல் உறை, வலது கையில் ரப்பர் உறை. ஏன் இப்படி ஜோடி சேராமல் என்று கேட்டால், "ரெண்டு கையும் ஒரே வேலையா செய்யுது?" என்பாள். தோலுக்கு அடியில் சதை கறுத்து, ரத்தம் கட்டி, பல் இறங்கிய ஓட்டைகள் தெரிகின்றன. "கயோட்டிதான்" என்று நிமிர்கிறாள். அதற்குள் ஆட்டுக்காரன் பக்கத்துப் பண்ணை நாய்கள் நாலைந்தின் பெயரைச் சொல்லித் திட்டி முடித்திருப்பான்.

அமெரிக்காவில், மாண்டனா மாநிலத்தின் கிழக்கு மூலையில், செம்மறி மேய்க்கிற அந்தச் சுற்று வட்டாரத்தில் குட்டி செத்தால் முதலில் வெர்னாவுக்குத்தான் போன் வரும். இரண்டாவது கியருக்கு மேல் போகாத பழைய வண்டியில், ஆறிப்போன காப்பிக் குடுவையோடு வந்து இறங்குவாள். கயோட்டி, ஓநாயைவிடச் சின்னதான அந்தக் காட்டு நாய், தொண்டையைப் பிடிக்கும். கழுகு மேலிருந்து இறங்கி முதுகில் நகம் பதிக்கும். வீட்டு நாய்க்கு ஒரே பிடியில் கொல்லத் தெரியாது. துரத்தும், தொடையைக் கவ்வும், காதைக் கடித்துக் குதறும், தின்னாமல் போய்விடும். நோயில் தானாகச் செத்ததை எது வந்து தின்றாலும் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டாது. "தோலைத் திறந்து பாக்காம யார் பேரையும் எடுக்காதே" என்பது அவள் வாயில் தேய்ந்துபோன வாக்கியம். தேவாலய வாசலில் யாராவது யாரைப் பற்றியாவது புறம்பேசினாலும் அதையேதான் சொல்வாள். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆட்டைக் கடித்த நாயை அதன் சொந்தக்காரனே சுட வேண்டும். வேறு யாரும் அந்தத் துப்பாக்கியைத் தொடுவதில்லை. போன இலையுதிர் காலத்தில் பக்கத்துப் பண்ணை ஆர்லோ டிங்மன் தன் கறுப்பு நாய் ஸ்கீட்டரை அப்படித்தான் சுட்டான். தோலைத் திறந்து, "நாய்தான் ஆர்லோ, உன்னோடது" என்று சொன்னவள் வெர்னா. ஆர்லோ சுட்டுவிட்டு வந்து, "ஒரு காப்பி குடு" என்று மட்டும் கேட்டான். கொடுத்தாள். குடிக்காமலே எழுந்து போனான்.

அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஓடைப் பள்ளத்தில் ஒரு கயோட்டி ஜோடி பல வருஷமாகக் குடியிருந்தது. வெர்னா அவற்றைக் "குடித்தனக்காரங்க" என்றுதான் சொல்வாள். எலியும் முயலும் பிடித்துத் தின்னும். ஆடுகள் ஈனுகிற பருவத்தில் நஞ்சுக்கொடியைத் தூக்கிப் போகும். உயிருள்ள குட்டியின் பக்கம் வந்ததில்லை. போதாக்குறைக்கு, வேறு கயோட்டி எதையும் அந்தப் பக்கம் அண்டவும் விட்டதில்லை. பொழுதுபோக்குக்குச் சுட வருகிற இளவட்டங்கள் கேட்டைத் திறந்தால் போதும், வாசலிலிருந்தே கத்துவாள். "குடித்தனம் ஒழுங்கா இருக்கு, நீ யாருடா காலி பண்ண? போ, உங்க அப்பன் நெலத்துல போய்ச் சுடு!"

இனி பிஷப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிஷப் காவல் நாய். வெள்ளை நிறம், கன்றுக்குட்டி உயரம், வயது இரண்டு. காவல் நாயைக் குட்டியிலேயே பட்டியில் விட்டுவிட வேண்டும். கொஞ்சக் கூடாது, வீட்டுக்குள் ஏற்றக் கூடாது. ஆடுகளைத்தான் அது தன் சொந்தம் என்று நினைத்து வளர வேண்டும். இதை ஊருக்கெல்லாம் சொன்னவளே வெர்னாதான். ஆனால் பிஷப் வந்த குளிர்காலத்தில் அவள் கணவன் ஹார்லன் படுக்கையில் கிடந்தான். ஈரல் போய்விட்டது, இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் அவன், "அந்த வெள்ளப் பயல இங்க கொண்டாயேன், வெர்னா. கை சில்லுன்னு இருக்கு" என்றான். கொண்டுவந்து கட்டிலோரம் விட்டாள். அதற்குப் பிறகு, அவன் சாகும்வரை, அது பட்டிப் பக்கம் போகவே இல்லை. ஹார்லன் கடைசியாகத் தொட்டது அவளை அல்ல, அந்த நாயின் நெற்றியை. அதில் அவளுக்கு வருத்தம் உண்டு. அதனாலேயே அந்த நாயின் மேல் உயிரையும் வைத்திருந்தாள்.

இந்த வசந்தத்தில் அவள் பட்டியிலேயே குட்டி செத்தது. காலையில் போனபோது அது பனிச் சேற்றில் கிடந்தது. ஒரு காது குதறியிருந்தது, பின்தொடையில் கம்பளி பிய்ந்திருந்தது. பக்கத்தில் பிஷப் வாலை ஆட்டிக்கொண்டு படுத்திருந்தது. வெர்னா கத்தியை வெளியே எடுத்தாள். நாயைப் பார்த்தாள். பிறகு கத்தியை மடக்கிப் பையில் போட்டுவிட்டு, குட்டியை இழுத்துப்போய்க் குழியில் தள்ளினாள். அடுத்த குட்டிக்கும் அதேதான் செய்தாள்.

ஆர்லோ போனில் கேட்டான். "என்னாச்சு?"

"குடித்தனக்காரங்க புத்தி மாறிடுச்சு."

"அதுங்களா? இத்தன வருஷம் இல்லாம? திறந்து பாத்தியா?"

"பாக்காமலா சொல்றேன்?"

அவள் சொன்ன பொய்களை எண்ணினால் விரல்கள் மிச்சமிருக்கும். அதில் இது ஒன்று.

அன்று மத்தியானமே ஹார்லனின் துப்பாக்கியோடு பள்ளத்துக்கு மேலே போய்ப் படுத்து, அடிபட்ட முயல் கத்துவதுபோல் ஊதலை ஊதினாள். ஆண் முதலில் வந்தது. பதுங்கவில்லை, மோப்பம் பார்க்கவில்லை, நேராக ஓடி வந்தது. அந்த நிலத்தில் அதன்மேல் யாரும் இதுவரை சுட்டதில்லை. பெண் கயோட்டி, விழுந்து கிடந்ததை முகர வந்தபோது விழுந்தது. இரண்டையும் இழுத்து வந்து, சாலையோர வேலியில் பின்னங்காலில் கம்பி சுற்றித் தலைகீழாகத் தொங்கவிட்டாள். திருடனைப் பிடித்துவிட்டோம் என்று போவோர் வருவோருக்குக் காட்டுகிற அந்த ஊர்ப் பழக்கம் அது. மற்றவர்கள் வேலியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவள் வெர்னா. அவள் வேலியில் அதுவரை பனிக்கட்டியைத் தவிர வேறெதுவும் தொங்கியதில்லை.

அழுக்கு ஒட்டாமலிருக்கக் குட்டிகளுக்கு வால் நறுக்குவார்கள்; அதற்கு உதவுவதாகச் சொல்லியிருந்த ஆர்லோ, சனிக்கிழமை காலை வந்தான். வேலியைப் பார்த்தான். இருவரும் பட்டிக்குப் போனார்கள். அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இன்னொரு குட்டி கிடந்தது. உடம்பில் சூடு இன்னும் போகவில்லை.

"வேற ஏதோ வந்திருக்கு" என்றாள் வெர்னா அவசரமாக. "பள்ளம் காலியாச்சுல்ல, வடக்கேயிருந்து வந்திருக்கும்."

"கத்திய எடு, வெர்னா."

"அதான் சொல்றேனே—"

"எனக்கு மட்டும் அன்னிக்குத் திறந்து காட்டின." ஆர்லோவின் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும். "எடு."

அவள் முட்டி போட்டாள். கழுத்துத் தோலைத் திறந்தாள். உள்ளே வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. ஒரு ஓட்டை இல்லை. தொடைத் தோலைத் திறந்தாள். அங்கே கறுத்துக் கிடந்தது. காது எச்சிலில் இன்னும் ஈரமாக இருந்தது. பிஷப் விளையாட்டுக்குக் கூப்பிடுவதுபோல் முன்னங்கால்களைத் தாழ்த்திக் குனிந்து, அவளைப் பார்த்து ஒரு குரைப்புக் குரைத்தது. அதன் தாடையில் கம்பளி இழை ஒட்டியிருந்தது.

"வெளையாடியிருக்கு" என்றாள். "கொல்லணும்னு இல்ல, ஆர்லோ. வெளையாடியிருக்கு."

"ஸ்கீட்டரும் வெளையாடத்தான் செஞ்சான்."

காற்று அடித்தது. ஆடுகள் தொட்டிப் பக்கம் வராமல் வேலியோரம் ஒண்டி நின்றன. அவை எத்தனையோ நாளாக அப்படித்தான் நின்றுகொண்டிருந்தன. அவள்தான் பார்க்காமல் இருந்திருக்கிறாள்.

"நீ உள்ள போ" என்றான் ஆர்லோ கடைசியில். "நான் பாத்துக்கறேன். வழக்கமெல்லாம் கெடக்கட்டும். ஹார்லனோட நாய்."

"என் நாய்" என்றாள் வெர்னா. "வீட்டுக்குள்ள விட்டது நான்."

கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனாள். கூப்பிட்டதும் பிஷப் அவளுக்கு முன்னாலேயே ஓடியது. ஆர்லோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றான். ஒரு வெடிச் சத்தம்தான் கேட்டது. இரண்டாவது சத்தம் கேட்காததில் அவனுக்கு அவள்மேல் நன்றி வந்தது.

அவன் கொட்டகைக்குப் பின்னால் போனபோது அவள் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். மேல்மண் இளகியிருந்தது, அடியில் இன்னும் உறைபனி. கடப்பாரையால் இடித்து இடித்துத்தான் அள்ள வேண்டியிருந்தது. ஆர்லோ மண்வெட்டியை வாங்கக் கை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை. அழுதுகொண்டேதான் வெட்டினாள், துடைத்துக்கொள்ளவில்லை. குழி பிஷப்பின் நீளத்துக்கு வந்தது. பிறகும் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டே போனாள்.

"போதும், வெர்னா. அவனுக்கு எடம் ஆச்சு."

அவள் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு உடம்பு கொள்ளும் அகலத்துக்குக் குழி விரிந்த பிறகுதான் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். வலது கை ரப்பர் உறையைப் பல்லால் கடித்து உருவிப் போட்டாள். கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த கம்பி வெட்டும் குறடை எடுத்துக்கொண்டு, சாலையோர வேலியை நோக்கி நடந்தாள்.