இழுக்க மட்டும் தெரிந்த சக்கரம்

பக்கவாதம் வந்து எழுந்த பிறகு என் வீட்டுக்காரர் எதையும் கேட்டதில்லை, அந்தப் படகைத் தவிர. அதற்கு முன்னால் ராமநாதபுரம் பக்கம் பழசாக வாங்கிய சின்ன பைபர் படகு. கண்மாய் நிறைந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை அதை டிரைலரில் ஏற்றிக் குட்டியானை லோடு வண்டியில் மாட்டிக்கொண்டு தூண்டிலோடு கிளம்பிவிடுவார். கரையில் நாலு பேர் கைகொடுத்து இறக்கிவிடுவார்கள். இப்போது இடது கையில் பாதி பலம்தான். படகு செல்லூரில் எங்கள் தறிப்பட்டறை ஓரமாகக் கிடந்தது, இவர் கோரிப்பாளையத்து வீட்டில் சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

"நாலு பேரக் கூப்பிட்டாத் தூக்கி விடப்போறாங்க. அம்புட்டுத்தானே?" என்றேன்.

"நாலு பேரு என்னையத் தூக்குற நாளு தன்னால வரும். அதுவரைக்கும் யாரையும் கூப்பிட மாட்டேன்."

"உங்க வாயில வசம்ப வச்சுத் தேய்க்க!" என்று கத்திவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதேன். மனுஷன் இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து கரைந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

மறுநாள் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் படகின் மேல் கிடந்த தார்ப்பாயை உருவினேன். "ஆளு வேணாம்னா ஆளில்லாம இறக்க ஒரு வழி பண்ணுங்க. தறிய மட்டும் பிரிச்சுப் பிரிச்சு மாட்டத் தெரியுதுல்ல?"

திட்டுவார் என்று நினைத்தேன். படகைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். பிறகு மூலையில் கழித்துப் போட்டிருந்த பழைய பவர்லூமைப் பார்த்தார்.

அதன் கட்டை உருளைகளைக் கழற்றி டிரைலரில் குறுக்கே மாட்டினோம், படகு அதன்மேல் உருண்டு இறங்க. நெய்த துணியைச் சுற்றும் பல்சக்கரத்தை முன்பக்கம் பொருத்தி, கயிற்றைச் சுற்றி, அதன் நுனியில் படகில் மாட்ட ஒரு கொக்கி போட்டு, கைப்பிடி வைத்தோம். நான் இரும்பைப் பிடிக்க, அவர் வலது கையால் வெல்டு வைத்தார். "ஆட்டாத புள்ள" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் அதட்டல். அந்த அதட்டலைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு! வேண்டுமென்றே கொஞ்சம் ஆட்டினேன்.

பட்டறையிலேயே சோதித்துப் பார்த்தோம். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, டக் டக்கென்று படகு டிரைலர்மேல் ஏறி உட்கார்ந்தது. அன்றைக்குப் பிரியாணி.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை நான்தான் ஓட்டினேன். அவர் படுத்திருந்த நாட்களில் சேலைக்கட்டு ஏற்றி இறக்கப் பழகியது. வழிநெடுக "கியர மாத்து" என்று உயிரை எடுத்தார். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தேன்: தண்ணீரில் போனாலும் கயிறு படகோடு இருக்க வேண்டும்.

கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்த அண்ணன் கரையில் நின்றார். வண்டியைப் பின்னோக்கி எடுத்து டிரைலரைத் தண்ணீர்வரை இறக்கிவிட்டேன். படகு நகரவே இல்லை. தள்ளினாலும் அசையவில்லை.

அப்போதுதான் உறைத்தது. தறியில் துணி உள்ளே சுற்றிக்கொண்டே போகும், திரும்பி வராது. பல்லில் விழும் இரும்பு நாக்கு அதைப் பின்னால் விடாது. நாங்கள் பழக்க தோஷத்தில் அதை அப்படியே மாட்டியிருந்தோம். சோதித்ததும் இழுத்துத்தான், இறக்கி அல்ல!

"என்னண்ணே, போட்டத் துணின்னு நெனச்சுட்டீகளா?" என்று சிரித்தார் அந்த அண்ணன். "இருங்க, பயலுகளக் கூப்பிடுறேன்."

இவர் முகம் செத்துவிட்டது.

"யாரும் வேணாம்ணே!" என்றேன். எனக்கு வந்த கோபத்தில் அந்த நாக்கைப் பிய்த்தே எறிந்திருப்பேன். "என்னங்க, கைப்பிடியப் பிடிங்க. நான் தூக்குறேன்."

அவர் வலது கையால் கைப்பிடியைத் தாங்கினார். நான் நாக்கைத் தூக்கினேன். "விடு" என்பார், ஒரு பல் நகரும். "போடு." மறுபடி "விடு." பல் பல்லாக, பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டே இறக்கினோம். படகு தண்ணீரைத் தொட்டு மிதந்தபோது இவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

ஏறி உட்கார்ந்து, வலது கையால் துடுப்பு போட்டார். நான் நாக்கைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க, கயிறு ஓடி ஓடி, தீர்ந்தது. படகு வெடுக்கென்று நின்றது.

கொக்கி அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"போயிட்டு வரவா?"

வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் திரும்பி வந்திருப்பார், அதுதான் அவர்.

"போயிட்டு வாங்க" என்றேன்.

கொக்கியைக் கழற்றினார். வெயில் ஏறுகிறவரை கரையில் நான் உட்காரவே இல்லை. ரெண்டு கெளுத்தியோடு வந்து, தானே கொக்கியை மாட்டி, "ம், இழு" என்றார். டக் டக்கென்று இழுத்தேன்.

நாக்கை ரெண்டு பக்கமும் விழும்படி மாற்றி மாட்டினால் ஒரு ஆளே இறக்கிவிடலாம் என்று இன்றைக்கும் சொல்கிறார். அதில் கை வைத்தால் சோறு கிடையாது என்று சொல்லியிருக்கிறேன்.